எலும்பு முறிவு ஆய்வுக்குப் புதியவரா? பிளேட்டை விடுங்கள், படத்திலிருந்து தொடங்குங்கள்

எலும்பு முறிவுத் துறையில் ஆய்வு செய்யக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே வகைக் கேள்வியோடுதான் வருவார்கள். பிளேட் (எலும்பின் மேல் திருகும் தகடு) நல்லதா, நெயில் (எலும்புக்குள் செலுத்தும் தண்டு) நல்லதா? ஆபரேஷன் தேவையா, மாவுக்கட்டு போதுமா? கேள்வியில் குறையில்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், முறிவு எந்த வகை, எவ்வளவு விலகியிருக்கிறது, எலும்பு கூடியதா இல்லையா என்ற மூன்றையும் யாரோ ஒருவர் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றும் சொன்னால், அதன் மேல் எழுப்பும் புள்ளிவிவரம் எதுவும் நிற்காது. அதனால் இங்கே படத்தை எடுப்பது, படிப்பது ஆகிய இரண்டுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மற்றவற்றைத் தேவையான அளவுக்குச் சொல்கிறேன்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"தோள்பட்டை முறிவுக்குச் சிறந்த சிகிச்சை எது" என்பது ஒரு வாழ்நாள் வேலை. "65 வயதைத் தாண்டியவர்களுக்கு மேற்கை எலும்பின் மேல்முனை விலகி முறிந்தால், பிளேட் பொருத்தியவர்களும் ஸ்லிங்கில் விட்டவர்களும் ஓராண்டு கழித்துக் கையை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள்" என்பது ஆய்வுக் கேள்வி. யாருக்கு, என்ன செய்து, எதோடு ஒப்பிட்டு, எதை, எப்போது அளக்கிறோம் என்ற ஐந்தும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

அடுத்து, உங்கள் கேள்வி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பாருங்கள். இந்தத் துறையில் பெரும்பாலான கேள்விகள் மூன்று குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். ஒன்று, படத்தைப் படிப்பவர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போகிறார்களா என்பது. இரண்டாவது, ஒரு பரிசோதனை முறிவைச் சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்பது. மூன்றாவது, ஒரு சிகிச்சை மற்றதைவிடப் பலன் தருகிறதா என்பது. முதல்முறை செய்பவருக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். ஏற்கெனவே எடுத்த படங்கள் போதும். நோயாளிக்குப் புதிய சுமை இல்லை. சில மாதங்களில் முடிக்கலாம். அதில் கற்றது பிறகு செய்யும் ஒவ்வொரு ஆய்வுக்கும் உதவும். மூன்றாம் குடும்பத்துக் கேள்வியை ஒரே மருத்துவமனையில், ஒரு தீசிஸ் காலத்துக்குள் முடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மூச்சு வாங்கிப் பாதியில் நிற்பார்கள். ஏன் என்பது மாதிரி அளவுக்கு வரும்போது தெரியும்.

2. நான்கைந்து ஆய்வுகளை முழுதாகப் படியுங்கள்

சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு அறுபது கட்டுரைகளைப் பட்டியலிடுவதைவிட, நல்ல ஆய்வுகள் நான்கின் செய்முறைப் பகுதியை வரி வரியாகப் படிப்பது மேல். என் பட்டியல் இது.

2015-இல் வெளியான பிராஃபர் ஆய்வு. பிரிட்டனில் 32 மருத்துவமனைகள், 250 நோயாளிகள். மேற்கை எலும்பின் மேல்முனை விலகி முறிந்தவர்களில் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும், இரண்டாண்டு காலத்தில் நோயாளிகளே மதிப்பிட்ட தோள்பட்டைச் செயல்பாட்டில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, யாரைச் சேர்த்தார்கள் என்பது. இந்த முறிவுகளைத் துண்டுகளின் விலகலை வைத்துப் பிரிக்கும் நீயர் வகைப்பாட்டின் 1 செ.மீ., 45 டிகிரி என்ற எல்லையை அவர்கள் கறாராகப் பிடிக்கவில்லை. ஆபரேஷன் செய்யலாமா என்று மருத்துவர் யோசிக்கும் அளவுக்கு விலகியிருந்தால் போதும் என்றார்கள். கட்டாயம் ஆபரேஷன் தேவை என்று மருத்துவர் கருதியவர்கள் ஆய்வுக்குள் வரவேயில்லை. ஆய்வைப் பாராட்டியவர்களும் திட்டியவர்களும் சண்டையிட்டது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

2020-இல் வந்த ஹிப் அட்டாக் ஆய்வு வேறொரு பாடம். இடுப்பு முறிவில் ஆபரேஷன் தாமதமானால் இறப்பு கூடுகிறது என்று பதிவேடுகளை வைத்துச் செய்த பல ஆய்வுகள் சொல்லிவந்தன. ஆனால் யாருக்குத் தாமதமாகிறது? இதயக் கோளாறு, நிமோனியா என்று ஏற்கெனவே உடல் நலிந்தவர்களுக்கு. அவர்கள் இறந்தது தாமதத்தாலா, நோயாலா என்று பதிவேட்டை வைத்துப் பிரிப்பது கடினம். இந்த ஆய்வு 2,970 பேரைச் சீரற்ற முறையில் பிரித்தது. ஒரு குழுவுக்கு முறிவு உறுதியானதிலிருந்து ஆபரேஷன் வரை நடுமதிப்பாக 6 மணி நேரம், மற்றதற்கு 24 மணி நேரம். 90 நாள் இறப்பில் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது எதற்கு என்று யாராவது கேட்டால் இதைக் காட்டலாம்.

மணிக்கட்டுக்கு 2014-இல் வந்த டிராஃப்ட் ஆய்வு, மணிக்கட்டின் சிறு எலும்பான ஸ்கேஃபாய்டுக்கு 2020-இல் வந்த ஸ்விஃப்ட் ஆய்வு, முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பான டிபியாவுக்கு 2008-இல் வந்த ஸ்பிரின்ட் ஆய்வு ஆகியவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரின்ட் ஆய்வுக்கு அடுத்த பகுதியில் திரும்பி வருவோம்.

3. வரையறையை எழுதி ஒட்டுங்கள்

"மூட்டுப் பரப்பில் படி (மேடுபள்ளம்) 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் சரிசெய்ய வேண்டும்." முறிவு அறுவை சிகிச்சையில் இதைக் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. இதன் வேர் 1986-இல் நர்க், ஜூப்பிட்டர் இருவரும் வெளியிட்ட கட்டுரை. இளம் வயதினர் 40 பேரின் 43 மணிக்கட்டு முறிவுகளைப் பழைய பதிவுகளிலிருந்து எடுத்துப் பார்த்த ஆய்வு அது. அந்த எண் உலகம் முழுக்கப் பரவி, மணிக்கட்டைத் தாண்டி மற்ற மூட்டுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 2009-இல் ஜூப்பிட்டரே இன்னொருவரோடு சேர்ந்து தன் பழைய ஆய்வை மறுபடி எடுத்து, அதன் செய்முறையில் இருந்த பலவீனங்களைப் பகிரங்கமாக எழுதினார். சாதாரண எக்ஸ்ரேயில் ஒரு மில்லிமீட்டரையும் இரண்டு மில்லிமீட்டரையும் நம்பகமாகப் பிரிக்க முடியுமா என்பதே பெரிய கேள்வி. தன் பெயரை நிலைநாட்டிய ஆய்வைத் தானே பிரித்துப் போடும் மனது எல்லோருக்கும் வராது.

புதியவருக்கு இதிலிருந்து கிடைக்கும் வேலை இது: உங்கள் ஆய்வில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அளக்கும் விதத்தோடு வரையறை எழுதுங்கள். "விலகல்" என்றால் எந்தப் படத்தில், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை? "கூடியது" என்றால் என்ன? டிபியாவுக்கு ரஸ்ட் மதிப்பெண் வசதியானது. முன்பக்கப் படத்தில் இரண்டு, பக்கவாட்டுப் படத்தில் இரண்டு என நான்கு எலும்புச் சுவர்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முறிவுக் கோடு தெரிகிறது, புதுஎலும்பு இல்லை என்றால் 1. புதுஎலும்பு வந்திருக்கிறது, கோடும் தெரிகிறது என்றால் 2. பாலம் போட்டுக் கோடு மறைந்துவிட்டது என்றால் 3. ஆக மொத்தம் 4 முதல் 12 வரை. "நல்லா கூடியிருக்கு" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

"கூடாத முறிவு" என்பதற்கும் ஒரு காலக்கெடு வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பழைய வரையறை, காயத்துக்குப் பின் 9 மாதம் ஆகியிருக்க வேண்டும், கடைசி 3 மாதம் முன்னேற்றமே இருக்கக் கூடாது என்கிறது. நீங்கள் வேறு கெடு வைக்கலாம். எதுவானாலும் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே எழுதிவிட வேண்டும். ஸ்பிரின்ட் ஆய்வில் இதை அழகாகச் செய்தார்கள்: டிபியா கூடவில்லை என்ற காரணத்துக்காக ஆறு மாதத்துக்குள் மறு ஆபரேஷன் செய்யக் கூடாது என்று விதி வைத்தார்கள். கூடிக்கொண்டிருக்கும் எலும்பை அவசரப்பட்டுத் திறப்பது குறைந்தது. இரண்டு நெயில் முறைகளையும் (எலும்பின் உட்குழியைக் குடைந்து போடுவது, குடையாமல் போடுவது) நியாயமாக ஒப்பிட முடிந்தது.

வகைப்பாட்டைப் பொறுத்தவரை ஏ.ஓ./ஓ.டி.ஏ. முறை உலகெங்கும் புரியும். முதல் எண் எந்த எலும்பு, இரண்டாவது அதன் எந்தப் பகுதி, பிறகு ஏ, பி, சி என்ற வகை. 42 என்றால் டிபியாவின் தண்டுப் பகுதி. 2018-இல் இதைத் திருத்தி வெளியிட்டார்கள். எந்தப் பதிப்பைப் பின்பற்றினீர்கள் என்று குறிப்பிடுங்கள். திறந்த முறிவுக்கு (தோல் கிழிந்து காயமும் உள்ள முறிவு) 1976-இல் வந்த கஸ்டிலோ–ஆண்டர்சன் வகைப்பாட்டைப் பயன்படுத்துவதாக இருந்தால், அவசரப் பிரிவில் காயத்தின் அளவை மட்டும் பார்த்து எழுதிய தரத்தை நம்பாதீர்கள். காயத்தைச் சுத்தம் செய்து திறந்து பார்த்த பிறகு தியேட்டரில் தருவதுதான் சரியான தரம்.

4. படம் எப்படி எடுக்கப்பட்டது?

ஆய்வுக்கு வரும் அறுவை மருத்துவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் இடம் இது. ரேடியோகிராபரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் பல மாத வேலை மிச்சமாகும்.

முதலில் பெரிதாகத் தெரிதல். எக்ஸ்ரே குழாயிலிருந்து டிடெக்டர் 100 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, எலும்பு டிடெக்டரிலிருந்து 10 செ.மீ. மேலே இருக்கிறது என்று வையுங்கள். 100-ஐ 90-ஆல் வகுத்தால் 1.11. அதாவது படத்தில் எலும்பு 11 சதவீதம் பெரிதாகத் தெரியும். மெலிந்தவருக்கு ஒரு அளவு, பருத்தவருக்கு வேறு அளவு. மணிக்கட்டு டிடெக்டரை ஒட்டியே இருப்பதால் அங்கே இது சிறிய சங்கதி. இடுப்பில் பெரிய சங்கதி. அதனால் மில்லிமீட்டர் கணக்கு வேண்டுமானால் அளவு தெரிந்த உலோகக் குண்டு ஒன்றை எலும்பின் அதே உயரத்தில் வைத்து எடுக்க வேண்டும். பழைய படங்களில் குண்டு இல்லையா? உள்ளே இருக்கும் நெயிலின் விட்டம் ஆபரேஷன் குறிப்பில் இருக்கும், அதை வைத்து அளவைத் திருத்தலாம். அதுவும் முடியாதென்றால் மில்லிமீட்டரை விட்டுவிட்டு விகிதங்களையும் கோணங்களையும் அளக்கலாம்.

கோணத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. முன்கை சற்றே திரும்பியிருந்தாலும் பக்கவாட்டுப் படத்தில் ரேடியஸின் (முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு) சரிவுக் கோணம் மாறித் தெரியும். சரியான பக்கவாட்டுப் படம் என்றால் எது, எந்த அளவு திரும்பினால் ஒதுக்க வேண்டும் என்பதை மாதிரிப் படங்களோடு எழுதி வையுங்கள். ஒதுக்கிய படங்களின் எண்ணிக்கையும் கட்டுரையில் வர வேண்டும்.

சி.டி. எடுத்தால் துண்டின் தடிமன், எந்தத் தளத்தில் மறுவடிவமைத்தீர்கள், உலோக நிழலைக் குறைக்கும் மென்பொருள் இருந்ததா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேஃபாய்டுக்கு உடலின் தளத்தில் பார்ப்பதும் அந்த எலும்பின் நீள அச்சில் பார்ப்பதும் வெவ்வேறு கதை சொல்லும்.

கதிர்வீச்சைப் பற்றியும் ஒரு சொல். மணிக்கட்டு எக்ஸ்ரேயின் அளவு மிகச் சிறியது; மில்லிசீவர்ட்டில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. இடுப்புக் குழியின் சி.டி. என்றால் சில மில்லிசீவர்ட் ஆகிவிடும். இயற்கையாக ஒருவருக்கு ஆண்டுக்குக் கிடைப்பது உலக சராசரியில் சுமார் 2.4 மில்லிசீவர்ட். ஆக, "ஆய்வுக்காக எல்லோருக்கும் மூன்றாம் மாதம் ஒரு சி.டி." என்று திட்டத்தில் சேர்க்கும் முன் அது எந்தக் கேள்விக்குப் பதில் தருகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். நெறிமுறைக் குழு கட்டாயம் கேட்கும்.

5. படிப்பவர்களைச் சோதியுங்கள்

இதுதான் உங்கள் முதல் ஆய்வாக இருக்கலாம் என்று சொன்னேன். செய்முறை சொல்கிறேன்.

வழக்கமான படங்களிலிருந்து வரிசையாக எடுங்கள். அழகான படங்களைப் பொறுக்கினால் ஒத்துப்போதல் செயற்கையாக உயரும். ஐம்பதுக்குக் கீழே போகாதீர்கள். நூறு இருந்தால் நல்லது. எல்லா வகையும் கலந்திருக்க வேண்டும்.

படிப்பவர்கள் யார் என்பது கேள்வியைப் பொறுத்தது. இரண்டு மூத்த நிபுணர்களை மட்டும் வைத்தால், இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் எப்படிப் படிப்பார் என்பது தெரியாது. அறுவை மருத்துவர்கள், கதிரியக்க மருத்துவர்கள், பயிற்சியில் இருப்பவர்கள் எனக் கலந்து வையுங்கள். வரையறைத் தாளை எல்லோருக்கும் கொடுத்து, ஆய்வில் சேராத பத்துப் பதினைந்து படங்களில் ஒன்றாக உட்கார்ந்து பயிற்சி செய்யுங்கள். அந்தப் பயிற்சியில் வரும் வாக்குவாதங்கள்தான் வரையறையின் ஓட்டைகளைக் காட்டும். ஓட்டைகளை அடைத்துவிட்டு, அப்புறம் உண்மையான வாசிப்பைத் தொடங்குங்கள்.

ஒவ்வொருவரும் தனியாகப் படிக்க வேண்டும். நோயாளியின் பெயர், தேதி, சிகிச்சை, மற்றவர் தந்த பதில் எதுவும் தெரியக் கூடாது. சில வாரங்கள் கழித்து அதே படங்களை வரிசை மாற்றிக் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் தன்னோடு ஒத்துப்போகிறாரா என்பது அதில் தெரியும். கோபம் வரும், பரவாயில்லை.

இனி கணக்கு. நூறு படங்கள், இரண்டு பேர். கேள்வி: எலும்பு கூடவில்லையா? ஒவ்வொருவரும் 10 படங்களில் "கூடவில்லை" என்கிறார்கள். அவற்றில் 5 படங்களில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள். 85 படங்களில் இருவருமே "கூடிவிட்டது" என்கிறார்கள். மொத்தம் 90 சதவீத ஒத்துப்போதல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு பத்தில் ஒன்றுக்குக் "கூடவில்லை" என்று சொல்லியிருந்தாலே 82 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்ப்பதுதான் கப்பா. 90-லிருந்து 82-ஐக் கழித்தால் 8. 100-லிருந்து 82-ஐக் கழித்தால் 18. 8-ஐ 18-ஆல் வகுத்தால் 0.44. 1977-இல் லாண்டிஸ், கோக் இருவரும் தந்த அட்டவணைப்படி 0.41 முதல் 0.60 வரை மிதமானது, 0.61 முதல் 0.80 வரை கணிசமானது. அந்த எல்லைகள் அவர்களே ஒரு வசதிக்காக வைத்தவை. வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் ஒருவர் "கூடவில்லை" என்று சொன்ன படங்களில் பாதியை மற்றவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், "கூடாமை விகிதம்" என்பதை முக்கிய முடிவாக வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்துவதில் அர்த்தமில்லை.

1, 2, 3 என்று படிப்படியான தரங்களுக்கு எடையிட்ட கப்பா (பெரிய வேறுபாட்டை அதிகமாகவும் சிறியதைக் குறைவாகவும் கணக்கிடுவது); கோணம், மில்லிமீட்டர் போன்ற எண்களுக்கு ஐ.சி.சி. (அளவுகள் ஒத்துப்போவதைக் காட்டும் எண்; 1-ஐ நெருங்கினால் நல்லது). இரண்டையும் நம்பக இடைவெளியோடு (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) எழுதுங்கள். எண்களுக்கு இன்னொன்றும் செய்யுங்கள்: இருவர் அளவுகளின் வித்தியாசம் எந்த எல்லைக்குள் விழுகிறது என்று டிகிரியிலோ மில்லிமீட்டரிலோ சொல்லுங்கள். ஐ.சி.சி. 0.9 என்பதைவிட, "இரண்டு பேர் அளந்தால் 6 டிகிரிவரை மாறலாம்" என்பது மருத்துவருக்கு உடனே புரியும்.

நீயர் வகைப்பாட்டை எடுத்துக்கொண்டால், 1970-லிருந்து உலகம் முழுக்கப் பயன்படுகிறது. 1993-இல் வெளிவந்த ஆய்வுகள் படிப்பவர்களுக்கிடையே ஒத்துப்போதல் அப்படியொன்றும் உயர்வாக இல்லை என்று காட்டின. வகைப்பாடு பிரபலமானது என்பதற்காகச் சோதிக்காமல் விடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

6. பரிசோதனை எவ்வளவு சரி?

எக்ஸ்ரேயில் தெரியாத ஸ்கேஃபாய்டு முறிவை எம்.ஆர்.ஐ. கண்டுபிடிக்கிறதா, விலா முறிவை அல்ட்ராசவுண்ட் கண்டுபிடிக்கிறதா என்பது போன்ற கேள்விகள் இங்கே வரும். எதோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்பதே முதல் தடை. ஸ்கேஃபாய்டுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒற்றை உரைகல் கிடையாது. எம்.ஆர்.ஐ. எலும்புக்குள் இருக்கும் கன்றலையும் காட்டும். அதை முறிவு என்று எண்ணிவிடலாம். ஆறு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரே என்றால் அதிலும் சில தப்பிப்போகும். எதை உரைகல்லாக வைத்தாலும், சோதிக்கும் பரிசோதனையின் முடிவு தெரியாதவர் அதைப் படிக்க வேண்டும். எல்லா நோயாளிகளுக்கும் அது நடக்க வேண்டும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தவர்களுக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்தால், எக்ஸ்ரே தவறவிட்ட முறிவுகள் கணக்கிலேயே வராது. எக்ஸ்ரே உண்மையைவிடக் கூர்மையாகத் தெரியும்.

இன்னொன்று, யாரிடம் சோதிக்கிறீர்கள் என்பது. ஒரு பரிசோதனை, முறிவு உள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விலக்குகிறது என்று வையுங்கள். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் சந்தேகத்தோடு வரும் 100 பேரில் 20 பேருக்கு முறிவு இருந்தால், 18 பேரைச் சரியாகவும் 8 பேரைத் தவறாகவும் "முறிவு" என்று சொல்லும். 26-இல் 18 உண்மை. அதே பரிசோதனையை, 1,000 பேரில் 50 பேருக்கே முறிவு இருக்கும் இடத்தில் வைத்தால் 45 சரி, 95 தவறு. "முறிவு" என்று சொன்ன மூவரில் இருவருக்கு முறிவே இல்லை. கருவி மாறவில்லை, வரிசையில் நிற்பவர்கள் மாறிவிட்டார்கள். அதனால் உறுதியாக முறிந்த 50 பேரையும் காயமே இல்லாத 50 பேரையும் சேர்த்துச் சோதித்துவிட்டு 98 சதவீதம் என்று எழுதும் கட்டுரைகளைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

செயற்கை நுண்ணறிவில் இறங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை, இரண்டு மடங்காக. 2019-இல் வந்த ஓர் ஆய்வில், இடுப்பு முறிவைக் கண்டுபிடிக்கக் கற்ற மென்பொருள், நோயாளி பற்றிய விவரங்களையும் எந்த ஸ்கேனரில் எடுத்தார்கள் என்பது போன்ற தகவல்களையும் படத்திலிருந்தே கற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. அவற்றைச் சமன்செய்து சோதித்ததும் அதன் திறமை கிட்டத்தட்டக் குருட்டு ஊகத்துக்கு இறங்கிவிட்டது. குறைந்தபட்சம் ஒரே நோயாளியின் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் இடம்பெறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறொரு மருத்துவமனையின் படங்களிலும் சோதியுங்கள்.

7. சிகிச்சையை ஒப்பிடுவதானால்

எதை முக்கிய முடிவாக வைப்பது? 2016-இல் வெளியான டிரஸ்ட் ஆய்வு 501 டிபியா முறிவு நோயாளிகளிடம் குறைந்த வீரிய அல்ட்ராசவுண்ட் சிகிச்சையையும் போலிக் கருவியையும் ஒப்பிட்டது. படத்தில் எலும்பு கூடும் வேகம், நோயாளி உணரும் உடல் செயல்பாடு இரண்டையும் சேர்த்து அளந்தார்கள். இரண்டிலும் பலன் தெரியவில்லை. இரண்டையும் கேட்டதால்தான் பதில் முழுமையாக வந்தது. படம் அழகாக இருந்து நோயாளி தவிப்பதும் உண்டு. படம் கோணலாக இருந்து நோயாளி நிம்மதியாக வேலைக்குப் போவதும் உண்டு. முதியவர்களின் மணிக்கட்டில் இரண்டாவது சகஜம். மணிக்கட்டுக்குப் பி.ஆர்.டபிள்யூ.ஈ., கை முழுதுக்கும் டாஷ், பொது வாழ்க்கைத் தரத்துக்கு ஈ.க்யூ-5டி போன்ற, முன்பே சரிபார்க்கப்பட்ட கேள்வித்தாள்களில் ஒன்றை எடுங்கள். சொந்தமாக ஒன்றைத் தயாரிக்க வேண்டாம். மொழிபெயர்ப்பையும் முறையாகச் சரிபார்த்த வடிவத்தைத் தேடுங்கள்.

மாதிரி அளவுக்கு, அதாவது எத்தனை நோயாளிகள் வேண்டும் என்பதற்கு, ஒரு தோராயக் கணக்கு உண்டு. நோயாளிக்கு உணரத்தக்க வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) வகுத்து, விடையை வர்க்கமாக்கி, 16-ஐ அதனால் வகுத்தால் ஒரு குழுவுக்குத் தேவையான எண் கிடைக்கும். 80 சதவீதத் திறனுக்கும் (இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 5 சதவீதப் பிழைக்கும் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) இது பொருந்தும். வேறுபாடு 10 புள்ளி, திட்ட விலக்கம் 20 என்றால் பாதி, வர்க்கம் கால், 16-ஐக் காலால் வகுத்தால் 64. ஐந்தில் ஒருவர் ஃபாலோ-அப்புக்கு வரமாட்டார் என்றால் 80. இரண்டு குழுவுக்கும் சேர்த்து 160 பேர். இது சமாளிக்கக் கூடியது. ஆனால் தொற்று 10 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைகிறதா என்று பார்க்க ஒரு குழுவுக்குச் சுமார் 440 பேர் வேண்டும். திறந்த முறிவைக் கழுவும் முறையை ஒப்பிட்ட ஃப்ளோ ஆய்வு ஏன் 2,500-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தது என்பது இப்போது புரியும். முப்பதுக்கு முப்பது என்று ஒப்பிட்டுவிட்டு "தொற்றில் வேறுபாடு இல்லை" என்று எழுதுவது பதிலே ஆகாது; நம்பக இடைவெளியைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒதுக்கீட்டை, நோயாளியைச் சேர்ப்பவருக்கு முன்கூட்டித் தெரியாத வகையில் கணினி வழியே செய்யுங்கள். திங்கள் பிளேட், செவ்வாய் நெயில் என்பது சீரற்ற ஒதுக்கீடு ஆகாது. நோயாளிக்கும் அறுவை மருத்துவருக்கும் சிகிச்சையை மறைப்பது பெரும்பாலும் முடியாது, மதிப்பிடுபவருக்கு மறைக்கலாம். தழும்பின் மேல் ஒரு துணி உறை போட்டு அசைவை அளக்கச் சொல்வது எளிய வழி. படத்தில் உலோகத்தை மறைப்பது அவ்வளவு எளிதில்லை. உலோகத்தை மறைத்தால் முறிவும் மறையும். அதனால்தான் ரஸ்ட் போன்ற திட்டமான மதிப்பெண்ணும், ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனி வாசிப்பாளர்களும் தேவைப்படுகிறார்கள்.

ஒரு மருத்துவர் பிளேட்டில் கைதேர்ந்தவர், நெயிலை இப்போதுதான் கற்கிறார் என்றால் முடிவு நெயிலைப் பற்றியதா, அவரைப் பற்றியதா? குறைந்தபட்ச அனுபவம் எவ்வளவு என்று விதி வையுங்கள், அல்லது நோயாளியை அந்தந்த முறையில் தேர்ந்த மருத்துவரிடம் ஒதுக்கும் வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

8. அனுமதியும் பதிவும்

பழைய படங்களை மட்டும் பார்ப்பதானாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோ விலக்கோ எழுத்தில் வேண்டும். முறிவு நோயாளி வலியிலும் பதற்றத்திலும் இருப்பார். இடுப்பு முறிவில் பலருக்கு நினைவுக் குழப்பம் இருக்கும். யார் ஒப்புதல் தருவார், எப்போது மறுபடி கேட்பீர்கள் என்பதைத் திட்டத்திலேயே எழுதுங்கள். புதிதாக நோயாளிகளைச் சேர்த்து நடத்தும் சிகிச்சை ஆய்வு என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். 2005 முதல் முன்னணி மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழு இதை நிபந்தனையாக வைத்திருக்கிறது. பின்னால் பதிவு செய்தால் இதழ் வாசலிலேயே திருப்பிவிடும்.

9. தரவு, படக் கோப்பு, ஃபாலோ-அப்

டைகாம் கோப்பிலிருந்து (மருத்துவப் படங்களைச் சேமிக்கும் வடிவம்) பெயரை நீக்கும்போது உள்ளே இருக்கும் பிறந்த தேதி, மருத்துவமனை எண், பரிசோதனை எண் எல்லாவற்றையும் நீக்குங்கள். அல்ட்ராசவுண்ட், சி-ஆர்ம் (ஆபரேஷன் அறையில் பயன்படும் எக்ஸ்ரே கருவி) படங்களில் பெயர் படத்திலேயே பதிந்திருக்கும். கோப்பு விவரத்தை நீக்கினாலும் அது அங்கேயே இருக்கும். திரையைப் போனில் படமெடுத்துச் சேமிப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அளவுகோல் போய்விடும், அந்தரங்கமும் போய்விடும்.

எக்ஸெல்லில் ஒரு வரி ஒரு நோயாளி. நிறம் பூசி அர்த்தம் குறிக்காதீர்கள்; எந்த மென்பொருளும் மஞ்சளைப் படிக்காது. "இல்லை" என்பதும் "தெரியவில்லை" என்பதும் வெவ்வேறு குறியீடுகள். இரண்டு மணிக்கட்டும் முறிந்த ஒருவரை இரண்டு நோயாளிகளாக எண்ணாதீர்கள்.

முறிவு நோயாளிகள் குணமானதும் காணாமல் போவார்கள். மோசமானவர்கள் வேறு மருத்துவமனைக்குப் போவார்கள். மீதம் வருபவர்களை வைத்து எழுதும் முடிவு யாரைப் பற்றியது என்றே தெரியாது. சேர்க்கும்போதே இரண்டு உறவினர்களின் எண்ணை அனுமதியோடு வாங்குங்கள். கேள்வித்தாளைப் போனில் கேட்கலாமென்றால் அதற்கும் முன்பே அனுமதி வாங்குங்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் விட்டுப்போனால் முடிவின் மேல் நிழல் விழுந்துவிடும்.

10. எழுதும்போது

சீரற்ற சிகிச்சை ஆய்வுக்குக் கான்சார்ட், பரிசோதனைத் துல்லியத்துக்கு ஸ்டார்டு (STARD), பதிவேட்டு ஆய்வுக்கு ஸ்ட்ரோப் என்ற சரிபார்ப்புப் பட்டியல்கள் இருக்கின்றன. எழுதி முடித்த பிறகு எடுத்துப் பார்க்காமல், ஆய்வைத் திட்டமிடும்போதே மேசையில் வையுங்கள். ஒதுக்கியபடியே பகுப்பாய்வு செய்யுங்கள். பிளேட்டுக்கு ஒதுக்கியவருக்கு மாவுக்கட்டு போட்டிருந்தாலும் அவர் பிளேட் குழுவில்தான் இருப்பார். முக்கிய முடிவு ஒன்றுதான். இருபது கேள்வி கேட்டு ஒன்றில் மட்டும் வேறுபாடு கிடைத்ததைத் தலைப்பில் போட வேண்டாம்.

ஆசிரியர் வரிசையை ஆய்வு தொடங்கும் வாரத்திலேயே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். இருநூறு படங்களை இரண்டு முறை படித்த கதிரியக்க மருத்துவருக்கு அதில் இடம் உண்டா என்பதையும், படமெடுக்கும் முறையைச் சீர்செய்த ரேடியோகிராபரின் பங்கை எங்கே குறிப்பிடுவது என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். வரையறைத் தாளையும் மாதிரிப் படங்களையும் கட்டுரையோடு இணைப்பாகக் கொடுங்கள். அடுத்தவர் உங்கள் ஆய்வைத் திரும்பச் செய்ய வேண்டுமானால் முதலில் தேடுவது அதைத்தான்.